காவலூருக்கு இரண்டு பக்கம்

வாரப் பத்திரிகையில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரே விஷயத்துக்குக் கொடுப்பது என்பது, நகரத்தில் கார்னர் பிளாட் கிடைப்பது மாதிரி. அதிலும் நடுப்பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். பின் அடிக்கிற இடம் அது. கடையில் இதழைக் கையில் எடுத்தாலே தானாக விரிந்துகொள்ளும்.

அந்த இரண்டு பக்கத்தில் எதைப் பெரிதாகப் போடுவது, எதை ஸ்டாம்ப் சைஸுக்குச் சுருக்குவது, எதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவது? இதைத் தீர்மானிக்கிற வேலைக்குப் பெயர்தான் லே-அவுட். கத்தரிக்கோலும் கோந்துமாக நடக்கிற ஒரு சின்ன கோர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு ஒரு வாரத்துக்குத்தான். ஆனால் சில சமயம் அதுவே சரித்திரமாகி நின்றுவிடும்.

நம்பிக்கை இல்லையா? ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்போம். நீங்கள்தான் ஆசிரியர்.

வருடம் 1986. ஜனவரி 6, திங்கட்கிழமை. இடம், ஜவ்வாது மலையில் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் போக வேண்டும். இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். அன்றைக்கு வட ஆற்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். சுற்றிலும் காடு. அந்தக் காட்டுக்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி பொருத்திய ஒரு பிரமாண்டமான தொலைநோக்கி. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பெங்களூர் கூடத்தில் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடி. பிரதமர் ராஜீவ் காந்தி வருகிறார். தொலைநோக்கிக்கும் அந்த ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டுகிறார்.

உங்களுக்கு இரண்டு பக்கம். மேஜைமேல் ஐந்து படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, பிரதமர். இரண்டு, வெள்ளை வெளேரென்று மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் டோம். மூன்று, ராட்சதக் கண்ணாடி. நான்கு, வைணு பாப்புவின் மார்பளவுப் படம். ஐந்து, கட்டம் போட்ட காகிதத்தில் நடுங்கியபடி ஓடும் ஒரு கோடு. ஓர் இடத்தில் அந்தக் கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எதைப் பெரிதாகப் போடுவீர்கள்?

பத்துக்கு ஒன்பது ஆசிரியர்கள் டோமைத்தான் போடுவார்கள். தப்பில்லை. லே-அவுட் சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு படம்தான் ராஜா, மற்றவையெல்லாம் பரிவாரம். நாலும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். பக்கத்தைப் புரட்டும்போது முதலில் கண்ணில் படுவது வலது பக்கம். அதனால் ராஜாவுக்கு அங்கேதான் சிம்மாசனம். மடிப்பில் யார் முகமும் விழக் கூடாது. விழுந்தால் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். படத்தில் இருக்கிறவர் வெளியே பார்க்கக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகரும் அவர் பார்க்கிற திசையிலேயே வெளியே போய்விடுவார்.

ஆக, வலது பக்கம் முழுக்க டோம். இடது பக்கம் மேலே பிரதமர். கீழே கண்ணாடி. பாப்புவுக்கு ஓரத்தில் ஒரு பெட்டி. ஐந்தாவது படம்? கோடு போட்ட காகிதத்தை யார் பார்ப்பார்கள்... தூக்கிப் போடு!

சிக்கலே அங்கேதான். காவலூரின் சரித்திரத்தில் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியது அந்த ஐந்தாவது படம்.

கொஞ்சம் பின்னால் போவோம். எம்.கே.வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் உத்தியோகம் பார்த்தவர். பையன் டெலஸ்கோப்போடு விளையாடி வளர்ந்தான் என்றே சொல்லலாம். அமெரிக்காவில் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, 1949-ல் ஒரு புகைப்படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாப்பு - பாக் - நியூகிர்க் என்று அதற்குப் பெயர். ஒரு வால்நட்சத்திரத்தின் பெயரில் நம்மூர்க்காரர் பெயர்!

1960-ல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். ஆனால் ராத்திரி நட்சத்திரங்களைப் பார்க்க வேறு இடம் வேண்டும். மேகம் குறைவாக இருக்க வேண்டும். ஊர் விளக்கு எட்டாத இருட்டு வேண்டும். தென்திசை வானமும் நன்றாகத் தெரிய வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் அவர் வந்து நின்ற இடம் காவலூர்.

1968-ல் அங்கே வேலை ஆரம்பமானபோது இருந்தது வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. கொடைக்கானலில் அவர்களே செய்துகொண்டது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி தயாரித்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருடமே வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனதை அதில் பதிவு செய்தார்கள். கனிமீடைச் சுற்றி மெல்லிய வாயுப் படலம் இருக்கலாம் என்று அந்தப் பதிவு சொன்னது.

இந்த 'மறைத்துக்கொண்டு போவது' இருக்கிறதே, அதுதான் நம் ஐந்தாவது படத்தின் சூட்சுமம். தெருவிளக்குக்குக் குறுக்கே ஒருவர் நடந்துபோனால் ஒரு கணம் வெளிச்சம் மறைகிறது அல்லவா? நடந்துபோகிறவர் இருட்டில் நம் கண்ணுக்குத் தெரியவே வேண்டாம். எவ்வளவு நேரம் மறைந்தது என்பதை வைத்தே ஆள் ஒல்லியா, குண்டா என்று கணக்குப் போட்டுவிடலாம்.

1977 மார்ச் 10. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகப்போகிறது என்று கணித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் பூமியிலிருந்து சுமார் 270 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது யுரேனஸ். அது எவ்வளவு பெரியது என்று துல்லியமாக அளக்க இது நல்ல சந்தர்ப்பம். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தவர்கள் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும்.

நட்சத்திரத்தின் வெளிச்சம் சீராக வந்துகொண்டிருக்கிறது. கிரகம் வர வேண்டிய இடம் இதுவல்ல. திடீரென்று சில நொடிகளுக்கு வெளிச்சம் குறைகிறது. மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கோட்டில் ஒரு பள்ளம்.

யார் குறுக்கே போனது?

அதே நேரம், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது ஒரு அமெரிக்க விமானம். கைப்பர் பறக்கும் ஆய்வகம். உள்ளே ஜேம்ஸ் எலியட் குழுவினர், ஒரு 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. காவலூரில் இருந்ததைவிடக் கொஞ்சம் சின்னது! அவர்களுடைய கோட்டிலும் பள்ளங்கள் விழுந்தன. கிரகம் மறைப்பதற்கு முன்னால் ஐந்து. கிரகம் விலகிய பிறகு ஐந்து.

இந்த இடத்தில் பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று ஒரு விஷயம் பிடிபடும். பேரேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இரண்டும் டேலி ஆனால்தான் கணக்கு சரி. எலியட் குழு செய்ததும் அதுதான். கிரகத்துக்கு இடது பக்கம் விழுந்த பள்ளங்களின் தூரத்தையும், வலது பக்கம் விழுந்தவற்றின் தூரத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். டேலி ஆனது. தனித்தனி நிலாக்கள் இப்படி இரண்டு பக்கமும் அளவெடுத்தாற்போல் நிற்குமா? நிற்காது. அப்படியானால் அவை கிரகத்தைச் சுற்றிச் சுற்றி வரும் வளையங்கள்!

சனிக்கு மட்டும்தான் வளையம் என்று முந்நூறு வருடங்களுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்த பாடம் அன்றைக்கு மாறிப்போனது.

காவலூரில் என்ன ஆயிற்று? பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தாங்கள் பார்த்த பெரிய பள்ளத்தை, யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள் என்று கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒரு பள்ளத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். பிறகு பதிவுகளை மறுபடி அலசிவிட்டு, அதே 1977-லேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனஸைச் சுற்றி சனியைப் போன்ற வளைய அமைப்பு இருக்கிறது என்று அதே இதழில் எழுதினார்கள். கண்டுபிடித்தவர் என்ற முதல் பெயர் எலியட் குழுவுக்குப் போனது. அது நியாயம்தான். ஆனால் அன்றைய ராத்திரி அந்த வளையத்தின் நிழலைப் பிடித்த சில இடங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று என்பதை யாரும் அழிக்க முடியாது.

காவலூரில் பள்ளம் விழச் செய்த அந்த வளையம், அகலமான இடத்திலேயே நூறு கிலோமீட்டருக்குள்தான். சென்னையிலிருந்து மேல்மருவத்தூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 270 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மேல்மருவத்தூர் தூரத்தை, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள்!

சரி, இவ்வளவு பெரிய சங்கதி ஏன் இரண்டு பக்கத்தில் இடம் பிடிக்கவில்லை? காரணம் எளிது. புகைப்படம் கிடையாது. இருந்தது ஒரு கோடு மட்டும்.

புகைப்படம் இருந்திருந்தாலும் அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்று கேட்டால், பழைய ஃபோர்மேன்கள் சிரிப்பார்கள். வானத்தை அச்சடிப்பது மாதிரி தொல்லை வேறு கிடையாது. புகைப்படத்தை பிளாக் எடுக்கும்போது அதைப் புள்ளி புள்ளியாக உடைப்பார்கள். ஹாஃப்டோன் என்று பெயர். நியூஸ் பிரிண்டில் அடிக்கிற பிளாக் என்றால் அங்குலத்துக்கு அறுபது, எழுபது வரிசைப் புள்ளிகள்தான். நட்சத்திரமும் புள்ளி. பிளாக்கும் புள்ளி. எது ஆண்டவன் வைத்தது, எது பிளாக் மேக்கர் வைத்தது? மங்கலான நட்சத்திரங்கள் காணாமலே போய்விடும். கறுப்பு மையை அப்பி அடிக்கும்போது சின்னதாக ஒரு தூசி ஒட்டிக்கொண்டாலும் போதும், அந்த இடம் வெள்ளையாக விழும். வானத்தில் இல்லாத ஒரு புது நட்சத்திரம் உதயம்!

வானியல்காரர்கள் இதற்கு வேறு ரூட் வைத்திருந்தார்கள். அவர்கள் நெகட்டிவையே பார்ப்பார்கள். வெள்ளை வானத்தில் கறுப்பு நட்சத்திரங்கள். மங்கலான புள்ளிகூட அதில் கண்ணுக்குத் தப்பாது. நியூஸ் பிரிண்டிலும் அது அழகாக விழும். ஆனால் வெள்ளை வானத்தைப் போட்டு 'இதுதான் நட்சத்திர மண்டலம்' என்றால் வாசகர் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ஆனால் படம் இல்லாததால் ஒரு கண்டுபிடிப்பைக் காட்ட முடியாது என்பதில்லை. நானூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். கலிலியோ. 1610-ல் அவர் அச்சிட்ட சின்னப் புத்தகத்தில் வியாழனின் நான்கு நிலாக்களை எப்படிக் காட்டினார் தெரியுமா? ஒரு வட்டம். பக்கத்தில் குட்டிக் குட்டி நட்சத்திரக் குறிகள். முதல் நாள் இப்படி, மறுநாள் இப்படி என்று பக்கத்துக்குப் பக்கம் அதே வட்டம், அதே குறிகள். குறிகள் மட்டும் இடம் மாறிக்கொண்டே போகும். புரட்டிக்கொண்டே வருகிறவர், நிலாக்கள் வியாழனைச் சுற்றுவதைத் தானே கண்டுபிடித்துவிடுவார். உலகத்தையே புரட்டிப்போட்ட லே-அவுட் அது. செலவு, ஒரு வட்டமும் சில நட்சத்திரக் குறிகளும்!

பெரிய படம் கையில் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாக நடந்துவிடுமா? காவலூரில் முதல் தொலைநோக்கி வேலையைத் தொடங்கிய அதே 1968-ல், டிசம்பர் 24 அன்று, அப்போலோ 8 விண்கலத்திலிருந்து பில் ஆண்டர்ஸ் ஒரு படம் எடுத்தார். நிலாவின் விளிம்பில் பூமி. உலகத்தில் அச்சடிக்காத பத்திரிகை இல்லை. நிலா கீழே தரை மாதிரி படுத்திருக்க, பூமி சூரியோதயம்போல மேலே எழும். ஆனால் ஆண்டர்ஸ் எடுத்தபடி பார்த்தால் நிலாவின் விளிம்பு வலது பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. பூமி அதற்குப் பக்கத்தில் தொங்குகிறது. படத்தைத் திருப்பிப் போட்டதால்தான் அது 'உதயம்' ஆனது. விண்வெளியில் மேலேது, கீழேது? அதைத் தீர்மானித்தது பக்கம் கட்டுகிறவரின் கை.

இப்போது மறுபடி 1986 ஜனவரிக்கு வருவோம். காவலூர் விழா நடந்த பதினெட்டாவது நாள், ஜனவரி 24 அன்று, வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் வளையங்களைப் பக்கத்திலிருந்து படம் எடுத்தது. கோட்டில் பள்ளமாக இருந்த வளையத்துக்கு நிஜமாகவே ஒரு குளோஸ்-அப் போட்டோ கிடைத்துவிட்டது. ஒன்பது வருடம் கழித்து!

அது மட்டும் நடுப்பக்கத்துக்கு வந்திருந்தால்? இடது பக்கம் 1977-ன் காவலூர்க் கோடு, வலது பக்கம் 1986-ன் வாயேஜர் படம். 'பதினெட்டு நாளுக்கு முன்னால் பிரதமர் வந்துபோன நம்மூர் மலையில், இதன் நிழலை எப்போதோ பிடித்துவிட்டார்கள்' என்று ஒரே ஒரு வரித் தலைப்பு. பற்றும் வரவும் டேலி ஆகியிருக்கும். ஆனால் அந்த மாதம் யுரேனஸுக்கு ராசி இல்லை. ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. பிப்ரவரியில் ஹாலி வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கியது. இவற்றோடு போட்டி போட ஒரு பள்ளத்தால் முடியுமா?

நான்காவது படத்தையும் பார்த்துவிடுவோம். பாப்பு அந்த விழாவில் இல்லை. அந்தப் பெரிய தொலைநோக்கி அவர் கண்ட கனவு. 1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராகத் தேர்வானவர் அவர். 1982 ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலமானார். வயது 55. தன் பெயர் தாங்கிய டோமை அவர் பார்க்கவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஓரத்தில் ஒரு பெட்டி போதுமா என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

காவலூர் இன்னொரு பரீட்சையும் வைத்தது. 1988 பிப்ரவரி 17. ஆர்.ராஜமோகன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணித மேதை ராமானுஜன் பெயர் அதற்கு. எண் 4130. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வான் ஆய்வகத்தில் என்.ஆர்.போக்சன் 1861-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அந்தப் பரம்பரையின் தொடர்ச்சி இது. சிறுகோளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரே வானத்தை வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாப் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று மட்டும் நகர்ந்திருக்கும். அதுதான் நம் ஆள்.

பாருங்கள்... இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. வானியலே ஒரு டபுள் ஸ்பிரெட் போட்டுக் கொடுத்திருக்கிறது! ஆசிரியர் செய்ய வேண்டியது ஒரே ஒரு அம்புக்குறி வைப்பது. ஆனால் அம்புக்குறி வைக்க வேண்டுமென்றால் எந்தப் புள்ளி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விஷயத்தைப் படித்தவர்தான் பக்கத்தைக் கட்ட முடியும் என்பது அதனால்தான்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மாலியும் கோபுலுவும் ஒரு கோட்டில் ஆளையே நிறுத்தினார்கள். கோபுரத்தின் ஒவ்வொரு கல்லையும் சில்பி பக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்தில் மணியம் போட்ட படங்கள்தான் இன்றைக்கும் வந்தியத்தேவனுக்கு முகம். யாரும் பார்த்திராத வந்தியத்தேவனுக்கே ஒரு முகத்தைக் கொடுத்து, அதை நம்பவும் வைத்த கைகளுக்கு, யாரும் பார்த்திராத ஒரு வளையத்தைக் காட்டுவது பெரிய வேலையா? அந்த மேஜைக்கு அந்தக் கோடு போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்கு யுரேனஸுக்கு 13 வளையங்கள் என்பது கணக்கு. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிதான் நாட்டிலேயே பெரியது என்ற பெருமையும், 2016-ல் உத்தரகாண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்ததோடு முடிந்துவிட்டது. 'பெரியது' என்பதற்கு எப்போதும் ஒரு காலாவதித் தேதி உண்டு. டோமைப் பெரிதாகப் போட்ட பக்கத்துக்கும் அதே தேதிதான். 1977 மார்ச் 10 ராத்திரி விழுந்த பள்ளத்துக்கு அப்படித் தேதி கிடையாது. இன்னும் நூறு வருடம் கழித்தும் அது அதே இடத்தில், அதே ஆழத்தில் இருக்கும்.

பரீட்சையை முடித்துவிடுவோம். என்னிடம் அந்த இரண்டு பக்கம் வந்தால் இப்படித்தான் கட்டுவேன். கோடு இடது ஓரத்தில் ஆரம்பித்து, இரண்டு பக்கத்தையும் தாண்டி, வலது ஓரம் வரைக்கும் ஓடும். பள்ளம் மடிப்பில் விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் பின் அதைத் தின்றுவிடும். அதனால் வலது பக்கத்தில், ராஜாவின் சிம்மாசனத்தில் பள்ளம். மேலே பாப்பு, அந்தப் பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி. பிரதமர் இடது பக்கம் கீழே. டோம் ஸ்டாம்ப் சைஸ். சுற்றிலும் நிறைய வெள்ளை இடம்.

"இவ்வளவு இடத்தை வெறுமனே விட்டிருக்கிறீர்களே, ஒரு விளம்பரம் போடலாமே?" என்று மேனேஜர் கேட்பார். அது வெறும் இடம் இல்லை, 270 கோடி கிலோமீட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.